ஒரே பாரம், வேறு இடம்

மகனே,

எல்லோரும் நலம் என்று எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும் என்று உன் அம்மா பக்கத்தில் இருந்து சொல்கிறாள். ஆகவே எழுதுகிறேன்: எல்லோரும் நலம். வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. முற்றத்தை மூடி, குசினிப் படியின் கீழ் வந்து, அங்கேயே நிற்கிறது. இரணைமடுக் குளத்தின் வான் கதவுகளைத் திறந்துவிட்டார்கள். கிளிநொச்சிக்குப் போகும் வீதி எங்கே இருக்கிறது என்பதை ஓரத்தில் நிற்கும் தந்திக் கம்பங்களை வைத்துத்தான் சொல்லலாம். அவற்றிலும் ஒன்று சாய்ந்துவிட்டது. நான் நிருபர். இவ்வளவு பெரிய செய்தி என் வாசலில் வந்து நிற்கிறது, அனுப்ப வழியில்லை. பத்திரிகைக்கு எழுத வைத்திருந்த தாள்களில் உனக்கு எழுதுகிறேன். உருத்திரபுரத்திலிருந்து மனிதர் வெளியே போகும் நாளில் இதுவும் போகும்.

நடந்ததை நடந்த ஒழுங்கில் சொல்கிறேன். என் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் என்ன சொன்னார் என்பதை எழுதுவேன், ஏன் சொன்னார் என்பதை எழுத மாட்டேன். அதை வாசிக்கிறவர் கண்டுகொள்ளட்டும். உன் கலியாண விஷயத்திலும் அப்படியே செய்யப் பார்க்கிறேன். முழுவதும் முடியாது, ஏனென்றால் இதில் நானும் ஒரு ஆள்.

மழை பிடிப்பதற்கு முதல் நாள் இங்கிலாந்திலிருந்து உன் கடிதம் வந்தது. அதை நான் வாசித்து விளங்கிக்கொண்டது இவ்வளவு. நீ ஒரு பொருளை இரண்டு விதமாகச் செய்திருக்கிறாய். ஒரு வளையம், அதிலிருந்து நீட்டிய ஒரு கை. வளையத்திலும் கையிலும் ஐதரசன் அணுக்கள் ஒட்டியிருக்கின்றன. அவற்றில் ஒன்றே ஒன்று மட்டும் பாரமான ஐதரசன். முதல் போத்தலில் உள்ளதில் அந்தப் பாரமான அணு கையில் இருக்கிறது, இரண்டாவது போத்தலில் உள்ளதில் அது வளையத்தில் இருக்கிறது. மற்றபடி இரண்டும் ஒன்றுதான். இப்படிப்பட்டவற்றைச் சமதானிச் சமபகுதியங்கள் என்று எழுதியிருந்தாய். சமதானி என்ற சொல் எனக்குப் புதிதல்ல. பரந்தன் தொழிற்சாலையில் உப்பிலிருந்து குளோரீன் எடுப்பதைப் பற்றி எழுதப் போனபோது, அங்கே இருந்த இரசாயனவியலாளர் ஒருவர், குளோரீன் அணுக்களில் இலேசானது ஒன்று, பாரமானது ஒன்று, குணம் இரண்டுக்கும் ஒன்றுதான் என்று சொல்லியிருக்கிறார். ஆனால் பாரமானது எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் ஒரு கேள்வி என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

உன் இயந்திரம், அந்தத் திணிவு நிறமாலைமானி, நிறையைத்தான் சொல்லும். காற்று இல்லாத ஒரு குழாய்க்குள் மூலக்கூறை விட்டு, ஒரு இலத்திரனால் அடித்து, அயனாக்கித் தள்ளினால், காந்தம் அதை வளைக்கும். பாரமானது குறைவாக வளையும், இலேசானது கூடுதலாக வளையும். உன் இரண்டு போத்தல்களில் உள்ளவையும் ஒரே நிறை, ஆகவே ஒரே இடத்தில் வந்து விழும். எது எதுவென்று அறிய ஒரு வழிதான்: அயன் உடைய வேண்டும். உடைந்த துண்டுகளில் பாரமானது எந்தத் துண்டோடு போகிறது என்று பார்த்தால், முதலில் எங்கே இருந்தது என்று தெரியும். நீ உடைத்துப் பார்த்தாய். இரண்டும் ஒரே மாதிரித் துண்டுகளாக, ஒரே அளவில் உடைந்தன. உன் பேராசிரியர் நீ போத்தல்களைக் கலந்துவிட்டாய் என்கிறார். நீ இல்லை என்கிறாய். அடிபட்ட பிறகு, உடைவதற்கு முன்னுள்ள அந்தச் சிறு நொடிக்குள், அயனுக்குள்ளேயே அணுக்கள் இடம் மாறிவிடுகின்றன, வளையமும் கையும் ஒன்றாகிவிடுகின்றன என்கிறாய். அதை நிறுவ, பாரமான கரி அணு ஒன்றையும் வைத்து முழுவதையும் திரும்பச் செய்ய வேண்டும். அடுத்த மாரி வரை செல்லும். இடையில் விட்டு வந்தால் போத்தலைக் கலந்தவன் என்ற பெயர்தான் அங்கே நிற்கும். "அந்தக் குழாய்க்குள் நான் நிற்கிற மாதிரி இருக்கிறது, காற்று இல்லை, கதவும் இல்லை" என்று கடைசியில் எழுதியிருந்தாய். அந்த வரியையும், போத்தல் கலந்த பழியையும் நான் அம்மாவுக்கு வாசிக்கவில்லை.

இங்கே உனக்காக ஒரு கதவை நான் ஏற்கெனவே பூட்டிவிட்டேன் என்பதையும் நீ அறிய வேண்டும். தை மாதம் நீ வருவாய் என்று நெடுங்கேணி நாகலிங்கம் அண்ணைக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். அவருடைய மகன் தியாகராசா கிளிநொச்சியில் நீர்ப்பாசனப் பகுதியில் வேலை. அவனுக்கு உன் தங்கச்சி தவமணி. அவருடைய மகள் சரோஜா உனக்கு. மாற்றுச் சம்பந்தம், ஒரே நாளில் இரண்டு தாலி. ஏன் மாற்று என்று நீ கேட்பாய். யாழ்ப்பாணத்தில் என்றால் பெண்ணுக்குக் காணி எழுதிக் கொடுத்து அனுப்புவார்கள். உன் அம்மாவும் அப்படி வந்தவள்தான். இங்கே அரசாங்கம் தந்து நாங்கள் குடியேறிய காணியை விற்கவோ பிரிக்கவோ கூடாது. எனக்குப் பிறகு ஒருவர் பெயருக்குத்தான் போகும், அந்தப் பெயர் உன்னுடையது. நாகலிங்கம் அண்ணையும் அதே போலக் காடு வெட்டி, அதே போல மகன் பெயரைப் பதிந்தவர். இரண்டு வீட்டிலும் மகளுக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை. ஆகவே பெண்ணுக்குப் பெண் என்று பேசினோம். கொடுக்கலும் இல்லை, வாங்கலும் இல்லை. இரண்டு பக்கமும் ஒரே பாரம் என்று நாகலிங்கம் அண்ணை சொன்னார். நானும் ஓம் என்றேன். உன்னைக் கேட்கவில்லை.

தவமணியைக் கேட்கத் தேவை இருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வரும் வழியில் தியாகராசாவைப் பல தடவை கண்டிருக்கிறாள். அவன் பெயரைச் சொன்னால் கழுவிய சட்டியை எடுத்து இன்னொரு தரம் கழுவுவாள். உன் அம்மா அதைக் கண்டுதான் என்னை முடுக்கினாள்.

நாள் வைக்க நாகலிங்கம் அண்ணை வந்தார். மனைவி இல்லாதவர், காட்டு ஓரத்து வீட்டில் மகளைத் தனியே விட மனமில்லாமல் சரோஜாவையும் கூட்டி வந்தார். தியாகராசா அன்று குளக்கட்டில் வேலை, வரவில்லை. வாடகைக் கார் அவர்களை இறக்கிவிட்டு, பின்னேரம் வருகிறேன் என்று போனது. பின்னேரம் வீதி இல்லை.

அவர் எங்கள் வீட்டில் கை நனைக்க மாட்டார் என்பது உனக்குத் தெரிந்திருக்கும். நாள் வைத்து, வெற்றிலை மாறிய பிறகுதான் சம்பந்தி வீட்டில் சோறு. அதற்கு முதல் சாப்பிட்டால் எல்லாவற்றுக்கும் ஓம் என்று சொன்னதாகிவிடும். அம்மா தேத்தண்ணியும் பனங்கட்டியும் கொண்டுவந்து வைத்துவிட்டுக் குசினிக்குப் போனாள். அது பிழையில்லை, தேத்தண்ணி சோறில்லை. அவர் கதிரையில் சாய்ந்துகொண்டு, "மாப்பிள்ளை என்ன எழுதியிருக்கிறார், நிருபர்? வந்த கடுதாசியை வாசியுங்கோவன், கேப்பம்," என்றார்.

நான் பிறகு பார்ப்போம் என்றேன். தவமணி கையை நீட்டினாள். "தாங்கோ ஐயா. நான் வாசிக்கிறன்."

முழுவதையும் வாசித்தாள், அந்தக் குழாய் வரியைத் தவிர. அவளுக்கும் அதைத் தாண்டத் தெரிந்திருந்தது. அடுத்த மாரி வரை வரமுடியாது என்ற இடம் வந்ததும் நாகலிங்கம் அண்ணை தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எனக்கு விளங்கேல்லை, பிள்ளை. போத்தல் மாறினா மாறினதுதானே. வேற போத்தல் எடுக்கிறது. இதுக்கு ஒரு வருசமோ?"

"போத்தல் மாறேல்லை, மாமா. அதைத்தான் அண்ணா சொல்லுறார்." தவமணி கொஞ்சம் யோசித்தாள். "நெடுங்கேணி வஸ் இருக்கல்லோ. ஏறினவையில ஒரு ஆள் மட்டும் நல்ல மொத்தம், சரியான பாரம் எண்டு வையுங்கோ. ஒரு வஸ்ஸில அவர் முன்சீற்றில. இன்னொரு வஸ்ஸில அதே ஆக்கள், அதே மொத்த ஆள், ஆனா பின்சீற்றில. இரண்டு வஸ்ஸையும் தராசில வைச்சா என்ன வரும்?"

"ஒரே நிறைதான் வரும்."

"அப்ப அவர் எங்க இருக்கிறார் எண்டு எப்பிடி அறியிறது? உள்ளுக்கை பாக்க ஏலாது, சன்னல் எல்லாம் பூட்டு."

"வஸ்ஸை நடுவால வெட்டு," என்றார் நாகலிங்கம் அண்ணை. அவருக்குக் காடு வெட்டிய பழக்கம்.

"அதேதான். வெட்டி இரண்டு பாதியையும் நிறுத்தா எந்தப் பாதி பாரமோ அதில ஆள். அண்ணா வெட்டினவர். இரண்டு வஸ்ஸும் ஒரே மாதிரி வந்திட்டுது. பேராசிரியர் சொல்லுறார், நீ ஆளை ஏத்தேக்கை பிழை விட்டிட்டாய் எண்டு. அண்ணா சொல்லுறார், இல்லை, வஸ் ஓடேக்கை அவர் எழும்பி நடந்திருக்கிறார் எண்டு."

"எங்கட வஸ்ஸில நிண்ட இடத்தில நிண்டவன் ஒருத்தனும் இல்லை. உது படிச்ச பேராசிரியருக்குத் தெரியாதோ?" என்றார் அவர். சரோஜா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒரு நிமிடம் எல்லோருமே சிரித்தோம். பிறகு அவர் சிரிப்பை நிறுத்தினார்.

"அப்ப மாப்பிள்ளை தைக்கு வரமாட்டார்."

நான் ஓம் என்றேன்.

"அப்ப இரண்டும் நிக்கும், நிருபர். ஒண்டு நடந்து ஒண்டு நிக்கிறதுக்குப் பேர் மாத்தில்லை. என்ர மகனைத் தந்திட்டு என்ர மகளை வைச்சுக்கொண்டு நான் அடுத்த மாரி மட்டும் வானத்தைப் பாக்கேலாது. உங்கட மகன் அங்கேயே ஒரு வெள்ளைக்காரியைப் பாத்திட்டாரெண்டா?"

சொல்லிவிட்டு எழுந்து சால்வையைத் தோளில் போட்டார். வேறு நாளாக இருந்தால் அந்தச் சொல்லோடு படலையைத் தாண்டிப் போயிருப்பார், நானும் போய் மறித்திருக்க மாட்டேன். வாசலில் வந்து நின்றார். தண்ணீர் படலையின் மேல் சட்டத்தைத் தொட்டுக்கொண்டு ஓடியது. கொஞ்ச நேரம் பார்த்தார். திரும்பி வந்து அதே கதிரையில் இருந்தார்.

அதற்குப் பிறகு நாங்கள் இருந்த இருப்பை நீ கற்பனை செய்து பார்க்க வேண்டும். முறிந்த சம்பந்தமும் முறித்தவரும் ஒரே கூரைக்குக் கீழே. கதவைத் திறந்தால் தண்ணீர், மூடினால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டும். ஈரச் சாக்கின் மணம் வீடு முழுவதும். மாடுகளையும் உயர்ந்த இடமென்று குசினிக்குப் பின்னால் கட்டியிருந்தோம், அவை இரைமீட்டும் சத்தம் நாங்கள் பேசாத இடத்தை எல்லாம் நிரப்பியது. நாகலிங்கம் அண்ணை சாப்பிட மாட்டேன் என்றார். முதலில் நாள் வைக்காதபடியால், இப்போது சம்பந்தமே இல்லாதபடியால். இரண்டாவது காரணம் இன்னும் இறுக்கமானது. முறிந்த வீட்டில் தின்றவன் என்று நெடுங்கேணியில் ஒரு சொல் வந்தால் பிறகு சரோஜாவைக் கேட்டு எவர் வருவார் என்றார். சரோஜாவுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை என்றும் அவரே சொன்னார், அவள் பிள்ளை. அவள் அம்மாவோடு குசினியில் இருந்து சாப்பிட்டாள். அவர் தேத்தண்ணியிலும் பனங்கட்டியிலும் கிடந்தார். அடுத்த நாள் பனங்கட்டி முடிந்தது. வெறும் தேத்தண்ணி.

உன் அம்மா என்னோடு கதைக்கவில்லை. உன்னோடும் கதைக்கவில்லை, சுவரில் இருக்கும் உன் படத்தைத் திருப்பி வைத்துவிட்டாள். "தங்கச்சியின்ர வாழ்வைவிட அவருக்குக் கண்ணாடிக் குழாய் பெரிசாப் போச்சு. கட்டிப்பிடிச்சுக்கொண்டு கிடக்கட்டும்," என்று அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள். தவமணி பக்கத்தில் இருந்து கல் பொறுக்கினாள். பிறகு மெதுவாக, "அம்மா, அண்ணா போத்தலைக் கலந்துபோட்டார் எண்டு அங்க சொல்லுகினம்," என்றாள்.

சுளகு நின்றது. "ஆர் சொன்னது?"

"அவற்ர பேராசிரியர்."

"அவன் போத்தல் மாத்துற பிள்ளையோ?" அம்மாவின் குரல் முன் விறாந்தை வரை கேட்டது. உனக்கு நினைவிருக்கும். மண்ணெண்ணெய்ப் போத்தலையும் வேப்பெண்ணெய்ப் போத்தலையும் அம்மா ஒரு முறை மாற்றிப் பிடித்து, விளக்கு புகைந்து நாறியது. அன்றைக்கே நீ போத்தல் கழுத்தெல்லாம் நூல் கட்டினாய், மண்ணெண்ணெய்க்குச் சிவப்பு, வேப்பெண்ணெய்க்கு வெள்ளை. நூல் இற்றுப் போகும் போதெல்லாம் ஒருவரும் சொல்லாமல் மாற்றிக் கட்டுவாய். நீ போன பிறகு அம்மா கட்டுகிறாள். அந்த இரண்டு போத்தலையும் அவள் குசினியிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து, நாகலிங்கம் அண்ணையின் முன்னால் மேசையில் வைத்தாள்.

"பாருங்கோ அண்ணை. உது அவன் காட்டித்தந்த கட்டு. இந்தப் பிள்ளையையே போத்தல் கலந்தவன் எண்டு சொல்லுறாங்கள்? அவன் வரவேண்டாம். அதைச் சரியெண்டு காட்டிப்போட்டு வரட்டும். இடையில வந்தா நான் படலை திறக்கமாட்டன்."

நாகலிங்கம் அண்ணை நூலைத் தொட்டுப் பார்த்தார். "நல்ல முடிச்சு," என்றார். வெறும் வயிற்றோடு இருக்கிற மனிதரிடம் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. அம்மா உள்ளே போய்ப் படத்தை நேராகத் திருப்பினாள்.

அம்மா அப்படி மாறியதால் உன் தங்கச்சியின் நிலை இன்னும் இறுகியது. அதுவரை நீ வருவதா இல்லையா என்பது கேள்வியாக இருந்தது. இப்போது அவள் கலியாணம் நின்றது என்பது முடிவாகிவிட்டது. அவள் அழவில்லை. பள்ளிக்கூடம் திறந்தால் வீதியில் அவனைக் காணாமல் எந்த வழியால் போகலாம் என்று சரோஜாவிடம் கேட்டாள். பரந்தன் சுற்றிப் போகலாமோ என்று. அவ்வளவுதான் நான் கேட்டது. ஒரு சந்தியும் ஒரு வீதியும் உள்ள ஊரில் சுற்றிப் போக எங்கே வழி இருக்கிறது? நான் எழுந்து போய் மாட்டைப் பார்த்துவிட்டு வந்தேன்.

சரோஜாவைப் பற்றி நீ ஒன்றும் அறியாய். சிறிய உருவம், பெரிய சத்தம். அவள் என்னிடம் வந்து, "மாமா, கோவிக்காதேங்கோ. உங்கட மகனை நான் படத்திலதான் பாத்தனான். படத்திலயும் அவர் வேற எங்கயோ பாக்கிறார்," என்றாள். பிறகு, "ஒண்டு கேக்கட்டோ? உங்கட காணிக்கு அவற்ர பேரை ஆர் எழுதினது?" என்றாள்.

"நான்தான், பிள்ளை. மகன் எண்டபடியால்."

"சட்டத்தில மகன் எண்டுதான் கிடக்கோ?"

மகளையும் எழுதலாம். ஒன்றும் எழுதாமல் விட்டால்தான் அது முதலில் மகனிடம் போகும். நாங்கள் எழுதவே மகனைத்தான் எழுதினோம். அந்தச் சட்டத்தைப் பற்றிப் பத்திரிகையில் விளக்கி எழுதியவனே நான். என் வீட்டுக்கு அது பொருந்தும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

அவள் விரலை மடக்கினாள். "உங்கட காணியைத் தவமணி அக்கான்ர பேருக்கு மாத்துங்கோ. என்ர அண்ணா இஞ்ச வந்து இருப்பார், வேலையும் கிளிநொச்சியிலதானே. அப்ப அவருக்கு நெடுங்கேணிக் காணி தேவையில்லை. அதை அப்பா என்ர பேருக்கு மாத்தலாம். காணி இருந்தா என்னைக் கேட்டு ஆக்கள் வருவினம், வராட்டியும் நான் விதைச்சுச் சாப்பிடுவன். மாத்து வேண்டாம். ஒருத்தரும் ஒருத்தருக்காக வரவேண்டாம்."

தவமணி வாசற்படியில் நின்றாள். "ஐயா, அதே ஆக்கள்," என்றாள். "அதே பாரம். இருக்கிற இடம் மட்டும் வேற."

முன் விறாந்தையிலிருந்து நாகலிங்கம் அண்ணை கத்தினார், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். "காடு வெட்டினது நான்! யானைக்குப் பந்தம் பிடிச்சது நான்! பொம்பிளைப் பிள்ளையின்ர பேரில எழுதிப்போட்டு நான் மகன்ர முகத்தை எப்பிடிப் பாக்கிறது?"

"அப்ப என்ர முகத்தை எப்பிடிப் பாப்பியள், அப்பா?" என்றாள் சரோஜா. சத்தம் போடாமல் சொன்னாள். அவள் சத்தம் போடாமல் பேசியதை நான் அந்த ஒரு முறைதான் கேட்டேன்.

மறுநாள் மத்தியானம் அம்மா சோறு வடித்தாள். கீரையும், முற்றத்து வெள்ளத்தில் அயல்வீட்டுக்காரன் கரப்புக் கூடை குத்திப் பிடித்துத் தந்த விரால் மீனும். அந்த மணம் விறாந்தைக்கு வந்தது. நான் அவருக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். "அண்ணை, நான் பேரை மாத்த விருப்பம். ஆனா முதல் தரம் வாக்குக் குடுக்கேக்கை நான் மகனைக் கேக்கேல்லை. இந்தத் தரம் கேக்காமல் ஓம் எண்டு சொல்ல ஏலாது. காணி அவன்ர எண்டு சொல்லித்தான் அவனை வளர்த்தனான்," என்றேன்.

"கேளும்," என்றார் அவர். "நானும் மகனைக் கேக்கத்தான் வேணும். கடுதாசி போய் வரும் மட்டும் வயிறு கேக்குமோ?" எழுந்தார். செம்பை எடுத்துக் கை கழுவினார். குசினி வாசலில் போய் நின்று, "தங்கச்சி, போடும் ஒரு பிடி. நல்லாக் கேட்டுக்கொள்ளும். இது சம்பந்தச் சோறில்லை. வெள்ளத்துச் சோறு," என்றார்.

அம்மா வாழையிலையைப் போட்டாள். ஒரு பிடி என்று இருந்தவர் எழும்பச் சென்ற நேரத்தைப் பற்றி நான் எழுதவில்லை.

பின்னேரம் தண்ணீர் கொஞ்சம் இறங்கிற்று. வாய்க்கால் கட்டுக்கு அப்பால் தியாகராசா வந்து நின்றான். இடையில் ஓடும் வெள்ளத்தைக் கடக்க முடியாது. குடியேற்றம் முழுவதும் வெளியே வந்து வரம்புகளில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அவன் கையை வாயில் குவித்துக் கத்தினான்: "அப்பா! சாப்பிட்டியளோ?"

பாவம், அவன் தகப்பன் பசியோடு இருப்பார் என்று நினைத்துக் கேட்டது. ஆனால் வரம்புகளில் நின்ற ஒவ்வொருவருக்கும் அந்தக் கேள்வியின் பொருள் தெரியும். கேட்ட பிறகு அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும், கையை இறக்கிவிட்டான். நாகலிங்கம் அண்ணை வாசலில் நின்றார். திரும்பி என்னைப் பார்த்தார், சரோஜாவைப் பார்த்தார். தவமணி கதவுக்குப் பின்னால் நின்றாள், நிலைக்காலைப் பிடித்திருந்த அவள் கை மட்டும் எனக்குத் தெரிந்தது.

"ஓம்! சாப்பிட்டனான்!" என்று கத்தினார்.

"என்னெண்டு?" என்று கத்தினான் அவன்.

"வெள்ளத்துச் சோறு! சம்பந்தமோ எண்டு பிறகு சொல்லுறன்! இங்கிலாந்திலயிருந்து கடுதாசி வரவேணும்!"

வரம்புகளில் நின்றவர்கள் சிரித்தார்கள். தியாகராசா சிரிக்கவில்லை. "அப்பா, நெடுங்கேணிக் காணி எனக்கு வேண்டாம்!" என்று கத்தினான். அது அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று நீ கேட்பாய். தெரியவில்லை. சரோஜா அன்று காலையில் வாய்க்கால் பக்கம் போய் யாருடனோ கத்திக் கதைத்தாள் என்று மட்டும் அயல்வீட்டுக்காரன் சொல்கிறான். ஆகவே நாகலிங்கம் அண்ணையின் பக்கத்தில் கேட்க வேண்டியவனைக் கேட்டாயிற்று. மிச்சம் நீ.

இனி உன்னிடம் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். காணி அலுவலகத்துக்கு உன் சம்மதம் தேவையில்லை. நான் போய்ப் பெயரை மாற்றினால் மாற்றினதுதான். தேவைப்படுவது எனக்கு. பெயர் மாறினால் நீ அங்கே உன் வேலையை முடிக்கலாம், தங்கச்சிக்குத் தையிலேயே தாலி ஏறும், சரோஜாவுக்கும் காணி கிடைக்கும். இது நல்ல பக்கம். மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். நீ திரும்பி வரும்போது இந்த மண்ணில் உன் பெயரில் ஒரு வரம்பும் இராது. அங்கே எல்லாம் பிழைத்துப் போனாலும் ஊரில் காணி இருக்கிறது என்று நீ நினைத்துக்கொள்ளும் இரவுகள் இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த நினைப்பை நான் எடுக்கிறேன். காற்றில்லாத குழாய்க்குள் நிற்கிறேன் என்று எழுதின உன்னிடம் போய், பின்னால் இருந்த கதவையும் தா என்று கேட்கிறேன்.

இல்லை என்று எழுத உனக்கு உரிமை உண்டு. இல்லை என்றால் தைக்கு வா. சரோஜாவைக் கட்டு. நல்ல பெண், உன் படத்தைக் கண்டு ஏமாறாதவள். நிலத்தை வைத்திரு, அந்தப் பேராசிரியர் சொன்னதைச் சொன்னபடி விட்டுவிடு. அதுவும் ஒரு வாழ்க்கைதான், இங்கே நான் வாழ்ந்ததும் அப்படி ஒன்றுதான். ஆனால் தங்கச்சி மேல் உள்ள இரக்கத்தில் மட்டும் ஓம் என்று எழுதாதே. உன் மறுமொழியை நான் உடைத்துப் பார்ப்பேன். எந்த வரியில் பாரம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இத்தனை வருடம் பிறருடைய சொற்களைக் கேட்டு எழுதியவன்.

தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கிறது. வீதியின் முதுகு ஒரு இடத்தில் தெரிகிறது. நாளைக்குத் தியாகராசா வண்டியோடு வருவான். நாகலிங்கம் அண்ணை புறப்பட ஆயத்தமாகச் சால்வையை மடித்து வைத்துவிட்டு, நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இப்போதுதான், "எழுதி முடிச்சாச்சோ?" என்று கேட்டார். என்னைச் சம்பந்தி என்றும் சொல்லவில்லை, நிருபர் என்றும் சொல்லவில்லை. நெடுங்கேணிக்குப் போனதும் எங்கே சாப்பிட்டாய், என்ன சாப்பிட்டாய் என்று ஊரவர் கேட்பார்கள். உன் கடிதம் வரும்வரை தேத்தண்ணி குடித்தேன் என்று சொல்லப் போகிறாராம்.

அம்மா அந்த வாழையிலையை மடித்து எறியாமல் குசினிச் சுவரோரம் வைத்திருக்கிறாள். அவர் சாப்பிட்டது எந்தச் சோறு என்பதை நீ எழுது.

உன் ஐயா